முப்பத்தொன்றாம் பெட்டி

மாடிப்படியில் ஏதோ தடதடவென்று உருண்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து ஒரு மனிதரும் விழுந்தார்.

கீழே நகலெடுக்கும் கடையில் இருந்த மாப்பிள்ளை ஓடி வந்து பார்த்தபோது, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ரத்தம் கசிந்தது. அதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. படியெங்கும் சிதறிக் கிடந்த சிறு சிறு சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தகரப் பெட்டி வாயைப் பிளந்தபடி கீழ்ப்படியில் கிடந்தது.

“அடி பலமா சார்?”

“அதை விடுங்க. இதுல ஒரு சீட்டு காணாமப் போனாலும் என் வீடு போயிடும்.”

மேலே கதவு திறந்தது. “மாப்பிள்ளை, சீட்டையும் அள்ளிட்டு வாங்க, அவரையும் அள்ளிட்டு வாங்க,” என்றது ஒரு நிதானமான குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பு ஆய்வாளராக இருந்தவர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, கரையான் தின்ற துணி மூட்டை, எது வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குவார். ஓய்வு பெற்ற பிறகும் சிக்கலோடு படியேறி வருகிறவர்கள் குறையவில்லை. மகளைக் கட்டிய இந்த மாப்பிள்ளை அவரை அத்தை என்று கூப்பிடப்போய், தெரு முழுவதற்கும் அவர் அத்தையாகிவிட்டார். மாப்பிள்ளையின் கடையில் இயந்திரம் ஓடுகிறதோ இல்லையோ, மாடியில் வழக்கு வந்தால் அவர் கால் தானாக ஓடிவிடும்.

வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அத்தை தகரப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். ஒரு முகவரி அடிக்கப்பட்டு, வேறொன்று எழுதப்பட்டிருந்தது.

“ஆபீஸை மாத்தினதுல வந்த வினையா?”

“ஆமாங்க. நாங்க வே பிரிட்ஜ் ஆளுங்க. லாரி வந்து மேடையில நின்னா எடை பார்த்துச் சீட்டு கொடுக்கிறவங்க. எங்க சங்கத்துல அறுநூறு பேர். ரெண்டு வருஷமா நான் பொருளாளர்.”

பழைய தலைமை அலுவலகம் நகரின் நடுவில் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. வாடகை ஏறிக்கொண்டே போனது. முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, புறவழிச் சாலையில் சொந்தமாகவே ஒரு கட்டடம் வாங்கிவிடலாம், மிச்சமாகும் வாடகையில் எட்டு வருடத்தில் கடன் அடைந்துவிடும் என்று செயலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். வாங்கினார்கள். மாறினார்கள்.

“கணக்கு சரிதாங்க. ஒரே ஒரு விதியை மறந்துட்டோம். சங்கத்தை ஆரம்பிச்சவங்க எழுதினது. தலைமை ஆபீஸ் இருபது கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போனா, ஆயுள் வைப்பு கட்டினவங்க தொண்ணூறு நாளுக்குள்ள பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஓய்வு பெறும்போது கொடுக்கிற பணம் அது. மாசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர் வாங்கிட்டுப் போவாங்க. சேர்ந்தாப்புல யாரும் கேட்டதில்ல.”

“இப்பக் கேட்டுட்டாங்க.”

“ரெண்டு பஸ் மாறி யார் அவ்வளவு தூரம் வந்துட்டுப் போறது, கொடுத்துடுங்கன்னு படையெடுத்துட்டாங்க. வங்கியில நூத்தி முப்பது பேருக்குக் கொடுக்கிற அளவுதான் இருந்துச்சு. கொடுத்துட்டேன். அதுக்கு மேல இருபத்தெட்டு பேர் ரசீதோட வந்து நிக்கிறாங்க.”

“அப்போ இருபத்தெட்டு ரசீது போலி,” என்றார் மாப்பிள்ளை உடனே.

“நிர்வாகக் குழுவும் அதைத்தான் சொல்லுது. எந்த இருபத்தெட்டுன்னு பார்க்க ஆயுள் வைப்புப் பதிவேடு வேணும். அஞ்சு பெரிய புத்தகம். யார் கட்டினாங்க, எப்பக் கட்டினாங்க, கையெழுத்து, எல்லாம் அதுலதான். ஆபீஸ் மாத்தின அன்னைக்கு முப்பத்தொண்ணாம் நம்பர் டிரங்குப் பெட்டியில வெச்சோம். ஏழு வாரம் ஆச்சு. பெட்டியைக் காணோம்.”

“பழி உங்க மேல.”

“பெட்டி வந்து சேர்ந்ததுன்னு டிக் போட்டது நான்தானே. ஆளுங்களைச் சேர்த்துப் போலி ரசீது அடிச்சு, மாட்டிக்காம இருக்கப் பதிவேட்டை மறைச்சுட்டேன்னு பேச்சு. பொருளாளர் ஆகிறவர் வீட்டை ஜாமீனா எழுதிக் கொடுக்கணும், அது எங்க வழக்கம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். பதில் சொல்லலைன்னா வீட்டை எடுத்துக்குவாங்க. போலீஸுக்கும் எழுதுவாங்க. வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்கு.” அவர் குரல் உடையவில்லை. எடை சொல்லும் குரலிலேயே சொல்லி முடித்தார்.

“சங்கத்துல உங்களுக்குன்னு பேச யாரும் இல்லையா?”

“தலைவர் இருக்கார். எனக்குச் சகலை. அக்காளை அவர் கட்டினார், தங்கச்சியை நான் கட்டினேன். எனக்கு முன்னாடி ரொம்ப வருஷம் அவர்தான் பொருளாளர். ‘வீடு போனாப் போகட்டும்பா, போலீஸ் வராம நான் பார்த்துக்கறேன்’னு சொல்லியிருக்கார். அவர் ஒருத்தர்தான் எனக்குத் தெம்பு.”

அத்தை சீட்டுகளைக் காட்டினார். “இதெல்லாம் என்ன?”

பொருளாளர் முகத்தில் முதன்முறையாகச் சிறிது பெருமை வந்தது. “அன்னைக்கு எடுத்த எடைச் சீட்டு. எங்க ஆளுங்க எடை போடாம ஒரு துரும்பை நகர்த்த மாட்டாங்க. ஒவ்வொரு பெட்டியையும் தராசுல வெச்சுப் பட்டியல்ல எழுதினோம். முப்பத்தொண்ணாம் பெட்டி எழுபத்தெட்டு கிலோ. அதுல டிரங்கு மட்டும் பன்னெண்டு. வாடகை லாரி ஒண்ணு, மூணு நடை. ஏத்தினதும் அங்க ஒரு எடை, வந்ததும் இங்க ஒரு எடை. மூணு நடையும் பத்து இருபது கிலோ முன்னப்பின்ன ஒத்துப்போச்சு. வழியில எதுவும் விழல, எதுவும் இறங்கல. அதனாலதான் கத்தி என் கழுத்துக்கு வந்துடுச்சு.”

“டிக் எப்படிப் போட்டீங்க?”

“மூணாவது நடைக்கு நல்ல மழை, கரண்டும் இல்ல. நான் வாசல்ல பட்டியலோட நின்னேன். லாரியில இருந்து நம்பரைக் கூப்பிடக் கூப்பிட டிக் போட்டேன்.”

அத்தை மூன்று சீட்டுகளைத் தனியே எடுத்து வரிசையாக வைத்தார். சரக்கை இறக்கிய பிறகு, புதிய அலுவலகத்தை ஒட்டியிருந்த மேடையில் எடுத்த காலி லாரியின் எடைகள் அவை. முதல் நடைக்குப் பின் ஐயாயிரத்து இருநூற்று முப்பது. இரண்டாம் நடைக்குப் பின் ஐயாயிரத்து இருநூற்று இருபது. மூன்றாம் நடைக்குப் பின் ஐயாயிரத்து இருநூற்று அறுபது.

“காலி வண்டியை எதுக்கு மூணு தடவை எடை போட்டாங்க?”

“பழக்கதோஷம். கணக்குக்கு முதல் சீட்டு மட்டும்தான். அதையேதான் மூணு நடைக்கும் கழிச்சோம். மத்த ரெண்டும் சும்மா. ஆனா எடை போடாம வண்டியை வெளியே விட்டா எங்க ஆளுக்குத் தூக்கம் வராது.”

“அந்த நேரத்துல வண்டியில ஆள் இருப்பாங்களா?”

“டிரைவர் உட்பட எல்லாரும் இறங்கியாகணும். அது மேடை விதி.”

“மூணாவது சீட்டுல எடை ஏறியிருக்கே,” என்று மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். பிறகு அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். “மழைத் தண்ணியா இருக்கும்.”

பெட்டியின் அடியில் பொருளாளர் வைத்திருந்த ரசீதுக் கட்டை எடுத்து, அத்தை மாப்பிள்ளை பக்கம் தள்ளினார். “உங்க தொழில் இது. எத்தனை போலின்னு சொல்லுங்க.”

மாப்பிள்ளை பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நூற்றைம்பத்தெட்டு ரசீதுகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பின்பக்கம் விரலால் தடவினார். கடைசியில் பரீட்சையில் தோற்றவர் மாதிரி நிமிர்ந்தார்.

“ஒண்ணுகூட போலி இல்ல அத்தை. நம்பர் அடிச்ச அச்சு பின்னாடி புடைச்சு நிக்குது. மெஷின்ல எடுத்தா இப்படி வராது. ஒண்ணு பர்ஸுல கிடந்தது, ஒண்ணு போட்டோவுக்குப் பின்னால சொருகியிருந்தது, ஒண்ணுல ஏதோ குழந்தை மீசை வரைஞ்சிருக்கு. அச்சைக்கூடத் திருடலாம், பத்து வருஷத்து அழுக்கை எங்க போய் வாங்குறது?”

“போலி இல்லைன்னா பணம் எப்படிப் பத்தாமப் போகும்?” என்றார் பொருளாளர். அவருக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று புரியவில்லை.

அத்தை ரசீதுகளை வருடவாரியாகப் பிரித்தார். பொருளாளர் வங்கியில் கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய வரவு விவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு தாளில் வருடங்களை எழுதி, எந்த வருடத்தில் ரசீதைவிட வங்கி வரவு குறைவோ அதற்கு எதிரே ஒரு புள்ளி வைத்தார். புள்ளிகள் தாளெங்கும் சிதறவில்லை. ஓரிடத்தில் எறும்பு போல வரிசையாகச் சேர்ந்து நின்றன. தாளை மடித்துக் கைப்பையில் போட்டார்.

“வண்டியை எடுங்க மாப்பிள்ளை. புது ஆபீஸைப் பார்த்துடலாம்.”

புதிய தலைமை அலுவலகம் சாலையோரத்தில் தனியாக நின்றது. பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை. வாசலில் பெரிய பெயர்ப்பலகை இருந்தது, ஆளில்லை. உள்ளே ஐம்பது நாற்காலிகள் போட்ட கூடத்தில் செயலாளர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, சுறுசுறுப்பான மனிதர். எடை மேடைத் தொழிலே தெரியாமல் சங்கத்துக்குள் வந்த ஒரே ஆள் அவர். எழுத்து வேலைக்கு வந்து செயலாளர் ஆனவர்.

“கட்டடத்தை வித்தது யாருங்க?” என்றார் மாப்பிள்ளை, வேறு பக்கம் பார்ப்பது போல.

“என் மச்சான். தீர்மானத்துலேயே எழுதியிருக்கு. சந்தை விலையைவிட ஒரு காசு கூட இல்ல, வேணும்னா விசாரிச்சுக்குங்க.” செயலாளர் சிரித்தார். “எல்லாரும் முதல்ல இதைத்தான் கேட்கிறாங்க. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்.”

“இடம் மாத்துறதுக்கு எதிர்ப்பே இல்லையா?” என்றார் அத்தை.

“இல்லாமலா? நாலு வருஷமா தீர்மானம் கொண்டு வரேன். தலைவர் வீடு வீடாப் போய் ஆளைத் திரட்டித் தோக்கடிச்சுடுவார். இந்த வருஷம் அவர் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்த வாரம் பார்த்துத்தான் நிறைவேத்தினேன். கல்லுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

“என்ன காரணம் சொல்லி எதிர்த்தார்?”

“பழைய கட்டடம் ராசியானது, அங்கதான் வளர்ந்தோம், அந்த மாதிரி.”

“ஆயுள் வைப்பு விதியைச் சொன்னாரா? இடம் மாறினா எல்லாரும் பணம் கேட்பாங்கன்னு?”

செயலாளர் யோசித்தார். “இல்லையே. சொல்லியிருந்தா நானே தீர்மானத்தை வாபஸ் வாங்கியிருப்பேன்.”

பின்னறையில் கோப்பு அலமாரிகள் இருந்தன. கூரை ஒழுகிய இடத்துக்குக் கீழே, அலமாரிகளின் மேல் ஒரு தடித்த தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

“இது சங்கத்துதா?”

“லாரிக்காரரோடது. அன்னைக்கு மழையில அவசரமா இங்க போர்த்தினோம். இன்னும் வந்து கேட்கல.”

“இதை எடை போட முடியுமா?”

அந்த வார்த்தையைக் கேட்டதும் பொருளாளர் தன் வீட்டை மறந்துவிட்டார். மூலையிலிருந்த தராசை இழுத்து, சமன் பார்த்து, தார்ப்பாயை மடித்து வைத்தார். பக்கத்து மேடையிலிருந்து மேடைக்காரரும் ஆசையாக வந்து முள்ளைப் பார்த்தார். இருபத்தொன்பது கிலோ.

அத்தை மேடைக்காரரிடம் திரும்பினார். “உங்க மேடைக்குக் கூரை இருக்கா?”

“இருக்குங்க. வண்டி சரக்கு இறக்கின இடத்துக்கும் கூரை இருக்கு.”

“மழையில வந்த லாரி, தார்ப்பாய் மூடியிருந்தது. ஒரு மணி நேரம் கூரைக்குள்ள நின்னு காலியாகுது. உடம்புல எவ்வளவு தண்ணி தங்கும்?”

“மிஞ்சிப்போனா பத்துக் கிலோ. எங்க மேடையே பத்துப் பத்தாத்தான் காட்டும்.”

“இங்கிருந்து நகரத்துக்குப் போய்த் திரும்பினா டீசல்?”

“அதுவும் ஒரு பத்து, பன்னெண்டு கிலோ குறையும்.”

அத்தை தலையசைத்தார். மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னார். மாப்பிள்ளையின் புருவம் உயர்ந்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அத்தை கடிகாரத்தைக் காட்டியதும் மூடிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

ஐந்து மணிக்கு நிர்வாகக் குழு ஏழு பேரும் கூடிவிட்டார்கள். மேடைக்காரரும் போகாமல் ஓரமாக நின்றுகொண்டார். கடைசியாக வந்தவர் தலைவர். அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. கல்குவாரி மேடையில் முப்பது வருடம் நின்றவர். எல்லோரையும் தோளில் தட்டிக்கொண்டே வந்து, சகலையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவன் என் கூடப்பிறக்காத தம்பி,” என்றார் குழுவைப் பார்த்து. “தப்பே பண்ணியிருந்தாலும் நம்ம ஆளு. வீட்டை வாங்கிக்கிட்டு விட்டுடுவோம். போலீஸ் கீலீஸ்னு போனா சங்கத்து மானம்தான் போகும்.”

“தப்புப் பண்ணலைன்னா?” என்றார் அத்தை.

“அம்மா யாரு?”

“நான்தான்ணே கூட்டிட்டு வந்தேன்,” என்றார் பொருளாளர்.

“பேசட்டும், பேசட்டும். பேச்சுக்கு என்ன வாடகையா?”

அத்தை எழுந்திருக்கவில்லை. ரசீதுக் கட்டை மேசையில் வைத்தார்.

“உங்க எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ரசீதுல இருபத்தெட்டு போலின்னு. அதை நம்பினா, பதிவேட்டை மறைச்சவர் பொருளாளராத்தான் இருக்கணும். ஆனா இந்த நூத்தம்பத்தெட்டும் அசல். சந்தேகம் இருந்தா எந்த அச்சகத்துக்காரரை வேணும்னாலும் கூப்பிட்டுக் காட்டுங்க. இவ்வளவு பேரும் உண்மையாவே பணம் கட்டியிருக்காங்க. இப்பச் சொல்லுங்க, பதிவேடு இருந்தா பொருளாளருக்கு லாபமா, நஷ்டமா?”

“லாபம்,” என்றார் செயலாளர் மெதுவாக. “அவர் கொடுத்தது சரின்னு அதுவே சாட்சி சொல்லும்.”

“அப்ப அது காணாமப் போறதுல அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. ரசீது அசல், வங்கியில பணம் குறைவு. இதுக்கு ஒரே அர்த்தம்தான். வாங்கின பணத்துல கொஞ்சம் வங்கிக்கே போகல. மாசம் ஒருத்தர் ரெண்டு பேருக்குக் கொடுக்கிற வரைக்கும் அது வெளியே தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டாத்தான் தெரியும். எல்லாரும் எப்பக் கேட்பாங்க? தலைமை ஆபீஸ் இடம் மாறினா.”

கூடத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

“பணம் குறையற வருஷங்களைக் குறிச்சேன். ஒன்பது வருஷம், தொடர்ச்சியா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அது நின்னுடுது. அந்த ஒன்பது வருஷமும் பொருளாளர் யாருன்னு உங்க சுவத்துல மாட்டியிருக்கிற பலகையிலேயே இருக்கு. நான் வாசிக்கணுமா?”

யாரும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் சகலையின் கையை இன்னும் விடவில்லை.

“கணக்குல முன்னப்பின்ன இருக்கும்,” என்றார் தலைவர். “எழுத்தர் தப்பா எழுதியிருப்பான். அதுக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? பெட்டி வந்து சேர்ந்துடுச்சு. எடைச் சீட்டு இருக்கு. எடை பொய் சொல்லாது.”

“சொல்லாது. அதனாலதான் சீட்டைப் பார்த்தேன்.” அத்தை மூன்று காலி எடைச் சீட்டுகளையும் மேசையில் பரப்பினார். “ரெண்டாவது நடை முடிஞ்சு காலி வண்டி ஐயாயிரத்து இருநூத்தி இருபது. போய்த் திரும்பினதுல டீசல் பத்துக் கிலோ குறையணும். இருநூத்திப் பத்து. தார்ப்பாயை இங்கேயே விட்டுட்டாங்க. அது முப்பது குறையணும். நூத்தி எண்பது. மழைத் தண்ணி பத்துன்னு வெச்சாலும் நூத்தித் தொண்ணூறைத் தாண்டக் கூடாது. சீட்டுல இருக்கிறது இருநூத்தி அறுபது.”

செயலாளரைத் தவிர எல்லோரும் எடை போட்டே வாழ்ந்தவர்கள். கழித்துப் பார்க்க அவர்களுக்குத் தாள் தேவைப்படவில்லை.

“எழுபதுல இருந்து எண்பது,” என்றார் மேடைக்காரர் தன்னை மறந்து. “முப்பத்தொண்ணாம் பெட்டி எழுபத்தெட்டு.”

“பெட்டி இங்க வந்தது உண்மை. இறங்கினதுதான் பொய். அதே லாரியில திரும்பிப் போயிருக்கு. மூணாவது நடையில வண்டி மேல நின்னு நம்பர் கூப்பிட்டது யாரு?”

“அண்ணன்தான்.” பொருளாளர் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டார். “முப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டார். நான் டிக் போட்டேன்.”

“திரும்பிப் போகும்போது வண்டியில யார் இருந்தது?”

“டிரைவரும் தலைவரும்,” என்றார் மேடைக்காரர். “காலி வண்டிதானே, மழையில எதுக்கு இறங்கச் சொல்றேன்னு தலைவர் சத்தம் போட்டார். எடை போடாம எப்படிங்க விடுறது?”

“இவ்வளவு நாளும் இவர் இடம் மாறக் கூடாதுன்னு நின்னார்,” என்றார் அத்தை. “ஆயுள் வைப்பு விதியைச் சொல்லியிருந்தா ஒரே நிமிஷத்துல ஜெயிச்சிருப்பார். அதை மட்டும் சொல்லல. சொன்னா வைப்புல எவ்வளவு இருக்குன்னு யாராவது எண்ணிப் பார்ப்பாங்க.”

தலைவர் சிரித்தார். சிரிப்பின் அகலம் குறையவில்லை.

“நல்லா கதை சொல்றீங்கம்மா. வண்டியில என் சாமான் இருந்துச்சு. பழைய ஆபீஸ்ல நான் போட்டு வெச்சிருந்த பாத்திரம் பண்டம். தகரப் பெட்டி. எடை அதுதான். எழுபத்தெட்டு கிலோவுல உலகத்துல ஒரே ஒரு பெட்டிதான் இருக்கா? பதிவேட்டை நான் எடுத்தேன்னு பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?”

குழுவில் இரண்டு பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். பொருளாளர் அத்தையைப் பார்த்தார். இன்னும் அவர் வீடு மேசை மேல்தான் கிடந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“டிரைவரைப் பிடிச்சுட்டேன் அத்தை. தலைவரையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் பழைய பேப்பர் கடைத் தெரு முனையில இறக்கி விட்டாராம். உள்ள என்னன்னு தெரியாதாம்.”

“பாத்திரம்னு சொன்னேனே,” என்றார் தலைவர்.

“கடைக்காரங்க?”

“அஞ்சு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தருக்கு மட்டும் ஞாபகம் இருக்கு. மழை நாள்ல யாரோ தடித்தடியா அஞ்சு கணக்குப் புத்தகம் கொண்டு வந்து போட்டாங்களாம். கூழாக்க அனுப்பிட்டார். ஆள் முகம் ஞாபகம் இல்லையாம்.” மாப்பிள்ளை ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “நோட்டுல வெறும் எடைதான் எழுதியிருக்கார். அறுபது கிலோ.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “பார்த்தீங்களா. ஆளும் தெரியாது, புத்தகமும் இல்ல.”

அத்தை அவரைப் பார்க்கவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கித் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே மேடைக்காரரிடம் பேசினார்.

“அப்ப நான் நினைச்சது தப்புதான் போலிருக்கு. பெட்டியோட எழுபத்தெட்டு, டிரங்கு பன்னெண்டு. புத்தகம் அறுபத்தாறு வந்திருக்கணும். கடைக்காரர் அறுபதுன்னு சொல்லி ஆறு கிலோவை அடிச்சிருக்கார். கொண்டு போன ஆளும் தலையாட்டிட்டு வந்திருக்கான். உங்க தொழில்ல இருக்கிற யாரும் இப்படி ஏமாற மாட்டாங்க. எடை பார்க்கவே தெரியாத யாரோ ஒரு அப்பாவிதான்.”

“ஆமாங்க,” என்றார் மேடைக்காரர் இரக்கத்தோடு. “ஆறு கிலோவை விட்டுட்டு வந்திருக்கான்னா அவன் மேடை ஏறினவனே இல்ல.”

ஒருவர் சிரித்தார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். அந்தக் கூடத்தில் அன்று முதல் சிரிப்பு அதுதான். தலைவரின் கழுத்து சிவந்தது. முப்பது வருடத் தொழில் அவர் நாக்கை முந்திக்கொண்டது.

“யார்யா ஏமாந்தது? கிட்ட நின்னு முள்ளைப் பார்த்து, அறுபத்தாறுக்கும் காசு வாங்கிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன்.”